நாற்பது பதில்களுக்கு நடுவே தவறிய ஒரு வரி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு பையருக்கும், அதாவது வாங்குபவருக்கும், தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிப்பவர்) இருக்கும் 31 வயது வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, சுருக்கமாக இங்கே தருகிறேன்.

"ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று மூன்று பையர்களைப் பார்க்கிறேன். இப்போது 11 ஸ்டைல் (ஆடை மாடல்) ஓடுகிறது. ஒரு நாளைக்கு 140 மெயில் வரை வருகிறது. அதில் பாதிக்கு மேல் சும்மா சிசி போட்டது. இது போக டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பேக்கிங் என்று 23 வாட்ஸ்அப் குரூப். ஜூன் மாதம் ஜெர்மன் பையர் வாஷ்கேர் லேபிளில் (துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள்) ஒரு வாசகத்தை மாற்றச் சொன்னதை நான் கவனிக்கவில்லை. போலோ பட்டன் நிறம் பற்றிய பழைய மெயில் தொடரில், நாற்பது பதில்களுக்கு நடுவே அந்த ஒரு வரி இருந்தது. சிசியில் 9 பேர் இருந்தும் யாரும் பார்க்கவில்லை. 3,200 பீஸ் பேக்கிங் வரை போய்விட்டது. லேபிளைப் பிரித்து மறுபடி தைக்க 38,000 ரூபாய் செலவு. 'ஒரு மெயிலைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியாதா' என்று எல்லார் முன்னாலும் மேனேஜர் கேட்டார். அந்தப் பணத்தை என் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகப் பேச்சு.

அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெயிலைப் பார்க்கிறேன். இரவு 2 மணிக்கு முழிப்பு வந்தாலும் பார்க்கிறேன். ஆனால் படித்தது எதுவும் மனதில் நிற்பதில்லை. போன வாரம் தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்து தெருவரை தண்ணீர் ஓடியது. எனக்கு மறதி நோய் வந்துவிட்டதா? படிக்காத மெயில் 11,000 இருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? மெயிலைச் சுருக்கித் தரும் ஏஐ செயலி உதவுமா? இரவு மெயிலுக்குப் பதில் போட்டே ஆக வேண்டுமா? கணவர் வேலையை விட்டுவிடு என்கிறார். ஐந்து வயது மகள் சாப்பிடும் நேரத்தில் என் போனை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள்."

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த லேபிள் விஷயத்தைப் பேசிவிடலாம். பட்டன் நிறத்தைப் பற்றிய தொடரில், சப்ஜெக்ட்டை மாற்றாமல், லேபிள் வாசகத்தைப் பற்றி ஒருவர் ஒரு வரி எழுதுகிறார். 9 பேருக்கு அது போகிறது. அதன் பிறகு டிரிம்ஸ் (பட்டன், லேபிள் போன்றவை) ஆர்டர், பி.பி. மீட்டிங் (உற்பத்தி தொடங்கும் முன் நடக்கும் கூட்டம்), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எத்தனை வாசல்களைத் தாண்டியிருக்கிறது பாருங்கள். ஒரு வாசலிலும் அது தடுக்கப்படவில்லை. இத்தனையையும் ஒருவருடைய கவனக்குறைவு என்று சுருக்கிவிட்டார்கள். நீங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள். உங்கள் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மெயிலைப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால், அதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட மருந்தும் தவறாகிவிட்டது. கவனம் போதவில்லை, அதனால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். அடிக்கடி பார்க்கப் பார்க்க, அடுத்த லேபிள் தவறுவதற்கான வாய்ப்புதான் கூடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். டையிங் மாஸ்டர் போனில் இருக்கிறார், லேப் டிப் (சாய மாதிரித் துணி) ஷேடு சரியில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேசிக்கொண்டே ஒரு மெயிலைத் திறக்கிறீர்கள். நாலு வரி படிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் பிரிண்டிங் போட்டோ வந்து விழுகிறது. அதற்குப் போகிறீர்கள். திறந்த அந்த மெயில் இப்போது தடித்த எழுத்தில் இல்லை. படித்த மெயில்களோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். உங்கள் மனம் அதைப் படிக்கவே இல்லை. படிக்காத 11,000 மெயிலைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். எனக்கு, இப்படி அரைகுறையாகத் திறந்து மூடியவைதான் கவலையாக இருக்கிறது.

ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்பவர் அலுவலகப் பணியாளர்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறார். ஒரு திரையில் நிலைக்கும் நேரம் 2004-ல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது. அண்மை வருடங்களில் அது 47 விநாடி அளவுக்கு வந்துவிட்டதாக அவர் கணக்கிட்டிருக்கிறார். ஆகவே பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் சமாளிக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் முடியவில்லை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த 9 பேரில் ஒருவர்கூட அந்த வரியைப் பார்க்கவில்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மறதி நோயா?

31 வயதில், நீங்கள் சொல்லும் அறிகுறிகளை மட்டும் வைத்து அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. மனதில் பதியாத ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முடியாது. மோட்டார் ஸ்விட்சைப் போட்ட நிமிடத்தில் உங்கள் மனம் எந்த மெயிலில் இருந்ததோ! அதோடு, இரவு 2 மணிக்கு எழுந்து திரையைப் பார்ப்பவருக்கு மறுநாள் நினைவு மங்கலாகத்தான் இருக்கும்.

இருந்தாலும் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு மறதியும் சோர்வும் வரும்போது அடிக்கடி அகப்படும் காரணங்கள் இவை. மருந்தில் சரியாகக் கூடியவை. தூக்கமின்மையும் காரணமில்லாத அழுகையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ, மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இரவு மெயிலைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம். கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை. இங்கிலாந்து அதைவிட இன்னும் ஒரு மணி நேரம் பின்னால். ஜெர்மன் பையர் காலை 9 மணிக்கு மேசையில் உட்காரும்போது திருப்பூரில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அவர் மாலை 6 மணிக்குக் கிளம்பும்போது கோடையில் நமக்கு இரவு 9.30. அன்றைய வேலையை முடிக்கும் அவசரத்தில் கடைசி அரை மணி நேரத்தில் அவர் நாலு மெயில் தட்டிவிட்டுப் போகிறார். அதைப் பார்த்து நீங்கள் 11 மணிவரை உட்கார்ந்து பதில் எழுதுகிறீர்கள். அதை யார் படிக்கிறார்கள்? அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் நமக்குப் பகல் 12.30 ஆகும்போதுதான் படிப்பார். அதே பதிலை நீங்கள் காலை 10 மணிக்கு, தெளிந்த மனதோடு, டையிங் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பினாலும் அவர் படிக்கும் நேரம் மாறாது. இரவு விழித்திருந்ததால் அவருக்கு ஒரு நிமிடம்கூட முன்னதாகக் கிடைக்கவில்லை.

அமெரிக்க பையர் கணக்கு வேறு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நாம் காலையில் அனுப்புவதை அவர்கள் நமக்கு மாலை ஆன பிறகுதான் பார்ப்பார்கள். ஒரு கேள்வியும் பதிலும் போய்வர ஒரு முழு நாள் ஆகிவிடும். ஆகவே அவர்களுக்கு மட்டும் மாலை 7.30-க்கு இருபது நிமிடம் ஒதுக்குவது நியாயம். ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் மெயிலைவிட ஒரு போன் கால் நல்லது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் நாளைப் பாருங்கள். காலை 9.30-லிருந்து 12.30 வரை மூன்று பையரும் தூக்கத்தில் இருக்கிறார்கள், அல்லது இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் புதிதாக வருவதெல்லாம் உள்ளூர் மெயில்தான். சாம்பிள் ரூம், ஃபேப்ரிக் ஃபாலோ-அப், காஸ்டிங் என்று தலையைக் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மெயிலை 9 மணிக்கு ஒரு தடவை, பிறகு 2 மணி, 4.30, 6.30, அப்புறம் அமெரிக்காவுக்காக 7.30. மொத்தம் ஐந்து தடவை போதும். அமெரிக்க மெயிலுக்கு அந்த இருபது நிமிடம், மற்ற ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், வேறெதையும் தொடாமல் படியுங்கள். மெயில் வந்ததும் மூலையில் எட்டிப் பார்க்கும் அந்த அறிவிப்பை அணைத்துவிடுங்கள்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்க்கவும், இன்னொரு வாரம் இஷ்டப்படி பார்க்கவும் சொன்னார்கள். மூன்று தடவை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. 2015-ல் வெளியான ஆய்வு இது. அப்படிக் கட்டுப்படுத்திக்கொள்வது அவர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. உங்களுக்கும் முதல் வாரம் கை பரபரக்கும். அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டிங்குக்கு முன் ஒரு மெயில்

"பார்க்காத நேரத்தில் முக்கியமான மாற்றம் வந்தால்?" என்று உங்கள் மனம் கேட்கும். ஜூனில் சுட்ட சூடு அப்படி. அந்தப் பயத்துக்கு வெறும் ஆறுதல் போதாது, ஒரு ஏற்பாடு வேண்டும்.

ஒரு ஸ்டைலில் எந்த மாற்றமும் கட்டிங்குக்கு முன் தெரிந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், பிறகு தெரிந்தால் செலவு. ஆகவே ஒவ்வொரு ஸ்டைலுக்கும் பி.பி. மீட்டிங்குக்கு முந்தைய நாள் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்டைல் நம்பரைப் போட்டு மெயிலில் தேடி, வந்த தொடர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். ஷேடு, பிரிண்ட், மெயின் லேபிள், வாஷ்கேர் லேபிள், சைஸ் ரேஷியோ (எந்த அளவில் எத்தனை பீஸ்), பேக்கிங் ஆகியவற்றுக்குக் கடைசியாக ஒப்புக்கொண்டது எது என்று ஒரு பக்கத்தில் எழுதி, பையருக்கு ஒரே மெயிலாக அனுப்புங்கள். "இந்த விவரப்படி வியாழக்கிழமை கட்டிங் தொடங்குகிறோம். மாற்றம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்." இவ்வளவுதான். ஜூன் மாதம் இப்படி ஒரு மெயில் போயிருந்தால், பழைய வாசகத்தைப் பார்த்ததும் பையரே மாற்றத்தை நினைவூட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாற்பது பதில்களையும் காவல் காக்கும் வேலை உங்கள் கண்ணுக்கு மட்டும் இருக்காது.

பையரிடம் இன்னொன்றும் கேட்கலாம். மாற்றம் என்றால் தனி மெயில், சப்ஜெக்ட்டில் ஸ்டைல் நம்பரும் மாற்றம் என்ற சொல்லும். பழைய தொடரில் வேண்டாம். பையரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். சரக்கு தவறாகப் போனால் அவருக்கும் நஷ்டம்தான். அப்படியும் பழைய தொடரிலேயே அவர் எழுதினால், அந்த வரியை மட்டும் எடுத்து, சரியான சப்ஜெக்ட்டோடு நீங்களே புது மெயிலாக எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மற்றவை சின்ன வேலைகள். சிசியில் மட்டும் உங்கள் பெயர் இருக்கும் மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு ரூல் போட்டுவிடலாம். உங்கள் சிஸ்டம் ஆளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் செய்து தருவார். ஆனால் அந்த ஃபோல்டரை மாலையில் ஒரு தடவை பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். 23 வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் தேவைப்படும் ஆறேழைத் தவிர மற்றதை ஆர்க்கைவில் போடுங்கள். யாராவது வாட்ஸ்அப்பில் "ஓகே, ப்ரொசீட்" என்று சொன்னால், அதை மெயிலிலும் ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 11,000 மெயிலை அழிக்காதீர்கள். பையர் கொடுத்த அப்ரூவல் நாளைக்கு ஒரு கிளெய்ம் (நஷ்டஈடு கோரிக்கை) வந்தால் உங்களையும் நிறுவனத்தையும் காக்கும் ஆதாரம். 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. அலுவலக மெயில் நிறுவனத்தின் சொத்தும்கூட, உங்கள் விருப்பப்படி அழிப்பது சிக்கலில் கொண்டுபோய் விடும். இரண்டு மாதத்துக்கு முந்தியதை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் செய்யுங்கள். கண்ணில் படாது, தேடினால் கிடைக்கும். ஓடுகிற 11 ஸ்டைலுக்கு மட்டும் மேலே சொன்ன இருபது நிமிடப் படிப்பைச் செய்யுங்கள்.

ஏஐ செயலியைப் பற்றியும் கேட்டீர்கள். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வரும்போது, நீண்ட தொடரில் என்ன நடந்தது என்று மேலோட்டமாகத் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் சுருக்கும்போது விடுபடக்கூடியது எது? பட்டனைப் பற்றிய தொடரில், பட்டனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி. அதே லேபிள்தான்! அப்ரூவலையும் மாற்றத்தையும் உங்கள் கண்ணால் படியுங்கள். பையரின் டிசைனையும் விலையையும் நிறுவனம் அனுமதிக்காத செயலியில் போடவும் வேண்டாம். ரகசியம் காப்பதாகப் பையரிடம் உங்கள் நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்கலாம்.

சம்பளப் பிடித்தமும் உரிமையும்

நான் உளவியல் ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. அதனால் அடிப்படையை மட்டும் சொல்கிறேன். ஊதியச் சட்டப்படி, நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் அந்த நஷ்டம் ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தந்த பிறகுதான் பிடிக்கலாம். அதுவும் அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருளுக்கோ அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணத்துக்கோ ஏற்பட்ட இழப்பைத்தான் சட்டம் பேசுகிறது. 9 பேருக்குப் போன மெயிலில் தவறிய லேபிள் வாசகம் அதில் சுலபமாக அடங்காது. உங்கள் பதவிக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று ஒரு தொழிலாளர் நல வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் "என் தவறுதான், பிடித்துக்கொள்ளலாம்" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். விளக்கம் கேட்டால், என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக, யாரையும் குறை சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

இரவு மெயிலுக்குப் பதில் தராமல் இருக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர் தரப்போடு பேச்சு நடத்த வேண்டும் என்று சட்டம் உண்டு. ஆஸ்திரேலியாவில் இது பற்றிய சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இங்கே மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-ல் இதற்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஆகவே "எனக்கு உரிமை இருக்கிறது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வேலை கெடாது என்று காட்டுகிற வழியில் தொடங்குங்கள்.

மேனேஜரிடம் தனியாகப் பேசுங்கள், திங்கட்கிழமை காலையும் ஷிப்மெண்ட் நாளும் வேண்டாம். "சார், இனிமே ஒவ்வொரு ஸ்டைலுக்கும் கட்டிங்குக்கு முன்னாடி பையர்கிட்ட முழு விவரத்துக்கும் கன்ஃபர்மேஷன் வாங்கிடறேன். சரக்கு நின்னுபோற விஷயம்னா ராத்திரி எப்ப வேணும்னாலும் போன் பண்ணுங்க, எடுக்கறேன். மத்த மெயில் எல்லாம் காலையில பத்து மணிக்குள்ள பதில் போயிடும், பையர் உட்காரும்போது அவர் கையில இருக்கும்." இதில் நீங்கள் எதையும் மறுக்கவில்லை, அவசரத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறீர்கள். ஒரு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்று கேளுங்கள்.

வேலையை விடுவதா என்பதை அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு யோசியுங்கள். இப்போது தூக்கமில்லாமல் எடுக்கும் முடிவு வேண்டாம். பக்கத்து நிறுவனத்துக்கு மாறினால் அங்கேயும் இதே மெயில், இதே குரூப்தான் இருக்கும். இந்தப் பழக்கங்கள் இல்லாமல் போனால் நிலைமையும் இதேதான். ஆனால் உங்கள் கணவர் சொல்வதைத் தள்ளவும் இல்லை. விளக்கமே கேட்காமல் பணத்தைப் பிடித்தால், எல்லார் முன்னாலும் திட்டுவது தொடர்ந்தால், இரவு போன் தினசரி வழக்கமானால், அது மெயிலால் வந்த பிரச்சினை இல்லை. அப்போது நோட்டீஸ் காலத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் இன்னொரு வேலையோடு வெளியே வாருங்கள். மூன்று நாட்டு பையர்களைக் கையாளத் தெரிந்த மெர்ச்சண்டைசருக்குத் திருப்பூரில் வேலை கிடைக்கும்.

மகளைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. அவளைத் திட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. இன்றிலிருந்து அந்த வேலையை அவளிடமே கொடுங்கள். 8 மணிக்கு, அமெரிக்க மெயில் முடிந்ததும், மெயிலையும் வாட்ஸ்அப்பையும் மௌனத்தில் போட்டு, போன் கால் மட்டும் ஒலிக்கும்படி வைத்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ரிங் கேட்கிற மாதிரி ஹால் அலமாரியில் அவளே வைக்கட்டும். இரவு முழுக்க அது அங்கேயே இருக்கட்டும், காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். இரவு 2 மணி விழிப்பு எப்படி இருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, கட்டிங்குக்கு முன் அனுப்பிய முதல் மெயிலுக்கு ஜெர்மன் பையர் என்ன பதில் போட்டார் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.